முடி வீழ்ந்தபின் காணி யாருக்கு?

ருஷ்யாவின் கடைசிச் சார் மன்னரைப் பற்றித் தமிழில் எழுத முற்படுவோர் பெரும்பாலும் ரஸ்புட்டினில் தொடங்கி எக்கத்தரின்பேர்க் நகரத்து நிலவறையொன்றில் முடித்துவிடுகின்றனர். நோயுற்ற இளவரசன், சாமியாரை நம்பிய அரசி, மன உறுதியற்ற அரசன், 1918 யூலை 17ஆம் நாள் அதிகாலையில் அக்குடும்பம் முழுவதும் சுடப்பட்ட அவலம் ஆகியனவே அவ்வரலாற்றின் உள்ளடக்கமாகி விடுகின்றன. கண்டியின் கடைசி மன்னனைப் பற்றி எழுதுவோரும் இதே தடத்திற் செல்கின்றனர். எகலப்பொலவின் மனைவி மக்கள் 1814இல் பட்ட கொடுமை, மெதமகாநுவரைப் பக்கத்தில் 1815 பெப்ரவரி 18ஆம் நாள் மன்னன் பிடிபட்ட காட்சி, வேலூர்ச் சிறை, அங்கே 1832 சனவரி 30ஆம் நாள் நேர்ந்த மரணம் என்று அக்கதை நகரும். இரு வரலாறுகளிலும் கண்ணீர் நிறைய உண்டு. காணியைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை.

அரண்மனை வரலாறு எழுதுவது பிழையென்று எவரும் கூறார். மன்னராட்சி என்பது அரண்மனைக்குள் மாத்திரம் நடந்த ஒன்று என்ற மயக்கத்தை அது வளர்ப்பதே பிழை. மன்னன் என்பவன் நிலத்தின்மீது நிறுவப்பட்ட ஓர் உரிமை. அவ்வுரிமை யாரிடமிருந்து யாரிடம் சென்றது, அந்நிலத்தில் உழைத்தவர் நிலை என்னவாயிற்று என்று கேளாதவர், மன்னர் ஆட்சி எப்பொழுது முடிந்தது என்ற வினாவுக்கு விடை கூறும் தகுதியற்றவர். சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலுள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் நின்று இவ்வினாவைக் கேட்டால், பாடநூல்கள் தரும் ஆண்டுகளில் ஒன்றேனும் பொருந்தி வருவதில்லை.

முதலில் ருஷ்யாவை நோக்கலாம். நான்காம் இவான் 1547இல் சார் எனும் பட்டத்தோடு முடிசூடினான். அவன் மரபு 1598இல் அற்றுப்போகக் குழப்பங்கள் மலிந்த ஒரு காலப்பகுதி கழிந்து, 1613இல் மிக்கேல் ரொமனோவ் தேர்ந்தெடுக்கப்பட்டான். இவ்வளவும் பெயர்ப் பட்டியல். ருஷ்ய மன்னராட்சியின் உண்மையான பிறப்புச் சாட்சிப் பத்திரம் 1649ஆம் ஆண்டின் சட்டக்கோவை எனலாம். ஓடிப்போன பண்ணையடிமையைத் தேடிப் பிடிப்பதற்கு அதுவரை இருந்த கால வரையறையை அச்சட்டம் நீக்கிற்று. எத்தனை ஆண்டு கழிந்தாலும் அவன் பிரபுவின் உடைமையே; அவன் பிள்ளைகளும் அவ்வாறே. மன்னனுக்குப் பிரபு படை தருவான். பிரபுவுக்கு மன்னன் மனிதரைத் தருவான். முதலாம் பீட்டர் 1703இல் சதுப்பு நிலத்தில் எழுப்பத் தொடங்கிய தலைநகரம் அத்தகைய மனிதரின் கட்டாய உழைப்பால் எழுந்தது. பிரபுவின் எழுத்தில்லாமல் ஊர் கடந்து போகவொண்ணாத கடவுச்சீட்டு முறையை நிலைநிறுத்தியவனும் அவனே. ஐரோப்பாவின் வாயிலைத் திறந்தவன் என்று புகழப்படும் மன்னன் தன் குடியானவனின் வாயிலைப் பூட்டி வைத்தான்.

இரண்டாம் அலெக்சாந்தர் 1861இல் பண்ணையடிமை முறையை ஒழித்தார். ஒழித்த முறைதான் கவனிக்கத் தக்கது. நல்ல நிலங்களின் ஒரு பகுதியைப் பிரபுக்கள் வெட்டியெடுத்துக் கொண்டனர். எஞ்சியதற்குக் குடியானவர் 49 ஆண்டுகள் மீட்புப்பணம் கட்ட வேண்டுமென விதிக்கப்பட்டது. தலைமுறைகளாக உழுது வந்த மண்ணைத் தவணைக்கு வாங்கியவர்கள் அவர்கள். 1905ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னரே அப்பணம் கைவிடப்பட்டு, 1907 தொடக்கம் நின்றது. எனவே சாரின் வீழ்ச்சியை ரஸ்புட்டினின் தாடியில் தேடுவது வீண்வேலை.

அவ்வீழ்ச்சியிலும் ஓர் இடைவெளி உண்டு. இரண்டாம் நிக்கலஸ் 1917 மார்ச் 15ஆம் நாள் முடி துறந்தார். தம்பி மிக்கேல் மறுநாளே முடியை ஏற்க மறுத்தார். மூன்று நூற்றாண்டுக் கால ரொமனோவ் மரபு இரண்டு நாளில் முடிந்தது. ஆனால் தற்காலிக அரசாங்கம் காணிப் பிரச்சினையை அரசியல் நிர்ணய சபை கூடும்வரை ஒத்திவைத்தது. குடியானவர் ஒத்திவைக்கவில்லை. அக்கோடையிலேயே பண்ணைகளுக்குள் அவர்கள் புகலாயினர். பிரபுக்களின் நிலவுடைமையை நட்டஈடின்றி ஒழிக்கும் கட்டளை நவம்பர் 8ஆம் நாள் வந்தது. மார்ச்சுக்கும் நவம்பருக்கும் இடையே ஏறத்தாழ எட்டு மாதங்கள்: மன்னன் இல்லை, மன்னனின் நில ஒழுங்கு இருந்தது. சப்ரகமுவத் தோட்டங்களில் அந்த எட்டு மாதம் இரண்டு நூற்றாண்டாக நீண்டிருக்கிறது என்பதே இங்கு நிறுவப்பட வேண்டியது.

கண்டி இராச்சியத்தின் வீழ்ச்சியிற் சப்ரகமுவவின் பங்கு மிகப் பெரிது. மன்னனுக்கு எதிராக 1814இல் எழுந்த எகலப்பொல அப்பொழுது சப்ரகமுவவின் திசாவை. அக்கிளர்ச்சி முறியடிக்கப்பட, அவன் ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தான். அதனை முறியடித்த மொல்லிகொட, இன்றைய கேகாலைப் பகுதியை உள்ளடக்கிய நான்கு கோறளையின் திசாவையாக இருந்தவன். 1815இல் அவனும் ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்தான். இரண்டு திசாவைகளும் கைவிட்ட பின்னர் தேசாதிபதி பிரவுண்றிக்கின் படைகளுக்குக் கண்டியில் எதிர்ப்பென்று சொல்லத்தக்க எதுவும் இருக்கவில்லை. மார்ச் 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மொல்லிகொட முதலாம் அதிகாரானான். எகலப்பொலவுக்கு ஆங்கில அரசின் நண்பன் என்ற பெயர் கிடைத்தது. பின்னர் அந்த நண்பனையே சந்தேகித்து மொறீசியசுக்கு நாடு கடத்தினர். அவன் அங்கேயே 1829இல் மடிந்தான். நட்பின் விலை அவ்வளவு.

அந்த ஒப்பந்தத்தை முழுமையாக வாசிக்காமலே அதைப் பற்றிப் பேசுவோர் பலர். பௌத்தத்துக்கு அளித்த உறுதிமொழி ஐந்தாம் வாசகத்தில் உள்ளது. அதனைச் சிங்கள மேடைகள் மறப்பதில்லை. இரண்டாம், மூன்றாம் வாசகங்களைத் தமிழ் மேடைகள் நினைப்பதில்லை. கண்டி மாகாணங்களின் மீது மலபார் இனத்தார்க்கு இருந்த ஆட்சியுரிமை முற்றாக ஒழிந்ததென இரண்டாம் வாசகம் கூறுகிறது. மன்னனின் ஆண் உறவினர் பகைவராவர் என்றும், மாகாணங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்மக்கள் அனுமதியின்றித் திரும்புதல் ஆகாதென்றும் மூன்றாம் வாசகம் விதிக்கிறது. மீறுவோர்க்கு இராணுவச் சட்டத்தின் தண்டனை. மலபார் என்பது அக்கால ஆங்கில ஆவணங்களில் தமிழரைக் குறித்து வழங்கிய சொல். ஆக, 1815இல் தமிழன் கண்டி மண்ணில் கால் வைத்தல் குற்றம் என்று எழுதிய அதே முடி, அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் தென்னிந்தியாவின் வறண்ட மாவட்டங்களிலிருந்து தமிழரைப் பல்லாயிரக் கணக்கில் அதே மண்ணுக்கு வரவழைத்தது. ஆள வரும் தமிழனுக்குத் தடை. கூலியாக வரும் தமிழனுக்கு வரவேற்பு. ஆங்கில முடியாட்சியின் இனக்கொள்கையை விளக்க இதனினும் தெளிவான உரை தேவையில்லை.

இவ்விடத்தில் தமிழ் மேடைகளில் அடிக்கடி எழும் ஒரு பெருமிதத்தைக் கண்டித்தே ஆக வேண்டும். ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் கடைசித் தமிழ் மன்னன் என்பர். கண்ணுசாமி என்ற அவன் இயற்பெயரைச் சான்றாகக் காட்டுவர். வேலூரில் பாலாற்றங்கரையில் அவனது சமாதிமேல் 1990இல் முத்துமண்டபம் எழுந்ததைச் சொல்லி நெகிழ்வர். 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நால்வரும் மதுரையோடு உறவுகொண்ட நாயக்கர் குலத்தவர். தெலுங்கு மரபினர், தமிழோடு வாழ்ந்தவர், கண்டியில் பௌத்தத்தின் காவலராக நின்றவர். சீயத்திலிருந்து உபசம்பதாவை 1753இல் மீட்டுவந்த கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கனும் அவர்களுள் ஒருவனே. அவர்களை எந்த ஓர் இனத்தின் பட்டியலிலும் எளிதாக அடைத்துவிட முடியாது. அதனினும் முக்கியமானது வேறு. கண்டி வாவியை வெட்டுவித்த கடைசி மன்னன் அதற்குக் குடிகளின் இராசகாரியக் கட்டாய உழைப்பையே பயன்படுத்தினான். அவ்வாறு வாட்டப்பட்ட மக்களின் மனக்கசப்பு அவன் வீழ்ச்சிக்கான காரணங்களில் ஒன்று. பீட்டர்ஸ்பேர்க்கைக் கட்டியவர்களும் கண்டி வாவியை வெட்டியவர்களும் ஒரே வகை மனிதர்கள். மன்னனின் மொழி எதுவாயினும் மண் சுமந்தவனின் தோள் ஒன்றுதான். தமிழ்ப் பேச்சாளர் ஒருவர் அம்மன்னனுக்காகக் கலங்கும் நேரத்தில், அவன் முடி கைமாறியதன் விளைவாக வந்து சேர்ந்த தமிழர் தெரணியகலையிலும் எட்டியாந்தோட்டையிலும் இறப்பர் மரத்தில் பால்வெட்டிக் கொண்டிருக்கிறார்கள். அவர்களைப் பற்றி அவ்வுரைகளில் ஒரு வரி கிடைப்பதும் அரிது.

அப்படியானால் மக்கள் மன்னனைத் தேடியதே இல்லையா என்று கேட்கலாம். தேடினர். ருஷ்யாவில் 1773இல் புகச்சோவ் எனும் கொசாக்கியன், கொல்லப்பட்ட மூன்றாம் பீட்டர் தானே என்று கூறிக்கொண்டு எழுந்தான். பண்ணையடிமைகள் திரளாக அவன் பின்னே சென்றனர். ஊவா வெல்லசையில் 1817இல் கிளர்ச்சி வெடித்தபொழுது, அதன் நடுவில் நின்ற வில்பாவே என்பவன் தன்னை நாயக்க மரபின் துரைசாமி என்று அறிவித்துக் கொண்டான். கெப்பட்டிபொல போன்ற சிங்களப் பிரதானியும் சிங்களக் குடியானவரும் நாயக்க இளவரசன் என்று சொல்லப்பட்ட ஒருவனின் பெயரால் போரிட்டு மடிந்தனர். மன்னனை அந்நியன் என்று இன்று கூறும் சிங்களப் பெருமிதத்துக்கும், அவனைத் தம்மவன் என்று கூறும் தமிழ்ப் பெருமிதத்துக்கும் இந்நிகழ்ச்சி ஒருசேர விடையளிக்கிறது. குடியானவனுக்கு மன்னன் என்பது நீதியின் மற்றொரு பெயராக இருந்தது. இருக்கும் ஆட்சி தாங்கமாட்டாததாகும் பொழுது இல்லாத மன்னனை அவன் உண்டாக்கிக் கொள்கிறான். அக்கிளர்ச்சியை ஆங்கிலேயர் வயல்களையும் வீடுகளையும் எரித்து 1818இல் அடக்கினர்.

இனிக் காணிக்கு வரலாம். இராசகாரியம் 1832இல் ஒழிக்கப்பட்டது. மன்னன் வேலூரில் கண்மூடிய அதே ஆண்டு. கோயிற் காணிகளிலும் பிரதானிகளின் நிந்தகமக் காணிகளிலும் அவ்வொழிப்புச் செல்லுபடியாகவில்லை என்பதைப் பாடநூல்கள் அடிக்குறிப்பிலும் சொல்வதில்லை. அலெக்சாந்தரின் 1861 போலவே இதுவும் ஓட்டைகள் உள்ள விடுதலை. எட்டு ஆண்டு கழித்து வந்த 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமோ ஓட்டையற்றது. காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என்று அது கொண்டது. சன்னசோ வரிச் சான்றோ இல்லாத கண்டிக் குடியானவன், தன் பாட்டன் சேனை வெட்டிய மேட்டு நிலத்தில் திடீரென்று அந்நியனானான். முடி அந்நிலத்தை ஏக்கர் ஐந்து சிலிங் போன்ற அற்ப விலைக்குத் துரைமாருக்கு விற்றது. வாங்கியவருள் உயர் உத்தியோகத்தரும் இருந்தனர். கோப்பி வந்தது. 1869இல் கண்ட இலைநோயால் அது அழிந்தது. தேயிலை வந்தது. சப்ரகமுவவின் தாழ்ந்த மலைச்சாரல்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பர் பரவியது. பயிர் மாறியதே தவிரக் காணியின் உரிமைக் கோலம் மாறவில்லை.

தோட்டம் என்பது ஒரு சிற்றரசு. பங்களாவில் பெரியதுரை, அவருக்குக் கீழ்ச் சின்னத்துரை, கிளாக்கர், கணக்கப்பிள்ளை, கங்காணி. விடியற் பெரட்டில் பெயர் கூப்பிடப்படும். பெயர் பதியப்படும் செக்ரோலே குடிமக்கள் பதிவேடு. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, அறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லத் துண்டு வேண்டும். கடனைத் தீர்த்தாலன்றித் துண்டு கிடையாது. கடனைத் தீர்க்கவோ வழி கிடையாது. இத்துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. 1649ஆம் ஆண்டின் ருஷ்யச் சட்டக்கோவையையும் பீட்டரின் கடவுச்சீட்டையும் படித்தவர் எவரும் இலங்கைத் தோட்டச் சட்டங்களைப் படிக்கையில் புதியதொன்றைக் கண்டதாக வியக்க மாட்டார். ருஷ்யப் பண்ணையடிமைக்கு இருந்த ஒன்று சப்ரகமுவத் தொழிலாளிக்கு இல்லாதிருந்தது. கிராமச் சமூகத்தின் பங்காக அவனுக்கு உழுவதற்குச் சிறிது மண் இருந்தது. இங்கே பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் காம்பிராவும் வேலையுள்ளவரைதான். மழை நாளில் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லாத நாளில் பேர் இல்லை.

கேகாலை மாவட்டத்தில் 1946இல் நடந்த ஒரு போராட்டம் இப்பிரச்சினையின் முழு உருவத்தையும் காட்டும். நேவ்ஸ்மியர் என்னும் தோட்டம். தொழிலாளர் வழக்கில் உருளவள்ளி. கிராம விஸ்தரிப்புக்கென அரசாங்கம் அதனைக் கையேற்றது. விவசாய, காணி அமைச்சராயிருந்தவர் டீ. எஸ். சேனாநாயக்க. காணியற்ற கண்டிக் கிராமத்தவர்க்குக் காணி வழங்குதல் நியாயமான செயல். அவர்களின் பாட்டன்மாரிடமிருந்து பறிக்கப்பட்ட காணி அது. ஆனால் அத்தோட்டத்தை வெட்டி உண்டாக்கிய தொழிலாளரும் காணியற்றவரே. அவர்களை வெளியேறுமாறு பணித்தனர். வெளியேற மறுத்தனர். பிறந்து வளர்ந்த லயத்தில் இருந்தமைக்காக அத்துமீறினோர் என்று அவர்கள்மீது வழக்குத் தொடரப்பட்டது. பிற தோட்டங்களில் அனுதாப வேலைநிறுத்தம் பரவியது. கிராமத்துக் குடியானவனையும் லயத்துத் தொழிலாளியையும் ஒரே துண்டுக் காணியின் மேல் ஒருவனுக்கெதிராக மற்றவனை நிறுத்தியது 1840ஆம் ஆண்டின் சட்டம். அச்சட்டத்தால் கொழுத்த கம்பனி எதுவும் அன்று கூண்டில் ஏற்றப்படவில்லை. இப்போராட்டத்தை இந்தியத் தொழிலாளர் பிரச்சினை என்று மாத்திரம் சிங்கள அரசியலாளர் பேசினர்; தமிழ் அரசியலாளரிற் பலர் பேசவேயில்லை.

பின்னர் 1948 வந்தது. பெப்ரவரி 4ஆம் நாள் கொழும்பில் ஏற்றப்பட்ட சிங்கக்கொடி, நாயக்க மன்னனான ஸ்ரீ விக்கிரம இராசசிங்கனிடமிருந்து 1815இல் கைப்பற்றிய கொடியின் வடிவம். மலபார் என்று வெளியேற்றப்பட்டவனின் கொடி சுதந்திர நாட்டின் கொடியாயிற்று. அதே ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. கொடிக்கு இடமிருந்த நாட்டில் ஆளுக்கு இடமில்லை. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களைக் கூறுபோட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்று. 1861க்கு முன்னைய ருஷ்யாவில் பிரபுவின் செல்வத்தைத் தலைகளாற் கணக்கிடுவர். இங்கே இரண்டு குடியரசு மனம் படைத்த அரசாங்கங்கள் அதே கணக்கை ஒப்பந்தமாக எழுதின.

இடதுசாரிகளை இங்கு விட்டுவிட்டுச் செல்வது நேர்மையாகாது. ருஷ்யப் புரட்சியை இலங்கையில் ஆழ்ந்து கற்றவர்கள் அவர்களே; அவர்களின் பழைய கோட்டைகளுள் ஒன்று சப்ரகமுவ. கலாநிதி என். எம். பெரேரா 1936இல் அரசாங்க சபைக்குச் சென்றது ருவான்வெல்லைத் தொகுதியிலிருந்து. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை அவரும் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வாவும் எதிர்த்தனர் என்பதை நன்றியோடு நினைக்க வேண்டும். ஆனால் 1970இல் அவர்கள் அமைச்சரானார்கள். கொல்வின் ஆர். டி சில்வா 1795 முதல் 1833 வரையான பிரித்தானிய ஆட்சியின் வரலாற்றை இரண்டு தொகுதிகளாக எழுதிய வரலாற்றாசிரியர். கண்டி முடியின் வீழ்ச்சியை அவரைவிட நன்கறிந்தவர் சிலரே. 1972 மே 22ஆம் நாள் பிறந்த குடியரசின் அரசியலமைப்பை ஆக்குவதிற் தலைமை வகித்தவரும் அவர். அதே காலத்துப் பெருந்தோட்டக் கைத்தொழில் அமைச்சரும் அவர். 1815இல் மாறிய முடியின் கதையை எழுதியவர், அம்முடியை 1972இல் கழற்றியவர், அம்முடியின் காணிகளுக்கு அமைச்சராயிருந்தவர் என மூன்று நிலையும் ஒருவரிடம் கூடின. வரலாறு ஒரு மனிதனுக்கு இத்தகைய வாய்ப்பை அடிக்கடி அளிப்பதில்லை. அக்கூட்டரசாங்கத்தின் காலத்தில் தோட்டத் தொழிலாளி காணி பெற்றானா?

அதே 1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. தனியார் உச்சவரம்பு 50 ஏக்கர். கம்பனித் தோட்டங்கள் அதில் தொடப்படவில்லை. அவை 1975இல் அரசுடைமையாயின. அதற்குச் சற்று முன்னர் சமசமாசக் கட்சி அரசாங்கத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டதென்பதும், கையேற்கும் தோட்டங்கள் எந்த அமைச்சின் கீழ் வருவது என்ற பிணக்கும் அந்நீக்கத்துக்கு ஒரு காரணம் என்பதும் மனங்கொள்ளத் தக்கன. அமைச்சுகள் பிணங்கின, தொழிலாளியிடம் எவரும் கேட்கவில்லை. நாடற்றவனுக்குக் காணிப் பங்கீட்டில் இடமில்லை. கையேற்கப்பட்ட தோட்டங்கள் பலவற்றில் வேலை குறைந்தது, பட்டினி வந்தது, லயங்களிலிருந்து துரத்தப்பட்டோர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் நடந்தனர். 1977 ஓகஸ்டிலும் 1981 ஓகஸ்டிலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டத் தமிழர்மீது வன்செயல் அவிழ்த்துவிடப்பட்டது. துரைமார் காலத்தில் துண்டில்லாமல் நகரவியலாதிருந்தவர்கள், மக்கள் குடியரசில் உடுத்த துணியோடு நகர வேண்டியதாயிற்று.

ருஷ்யாவைப் பாருங்கள், அங்கே எல்லாம் நடந்தது என்று கூறுவோர்க்கும் ஒரு சொல். 1917இற் கிடைத்த காணி, 1929இல் முழுவேகம் கொண்ட கூட்டுப்பண்ணையாக்கத்திற் குடியானவனின் கையை விட்டுப் போயிற்று. 1932, 1933ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் இலட்சக்கணக்கில் மாண்டனர். 1932இல் கொணர்ந்த உள்நாட்டுக் கடவுச்சீட்டு கூட்டுப்பண்ணைக் குடியானவர்க்குப் பொதுவாக வழங்கப்படவில்லை. 1974இலேயே அவர்களுக்கும் அதனை வழங்க முடிவாயிற்று. சாரைச் சுட்ட ஆட்சி சாரின் கடவுச்சீட்டைச் சுடவில்லை. எனவே சோவியத்தைப் போற்றுவதாலோ, 2000ஆம் ஆண்டில் ருஷ்யத் திருச்சபை நிக்கலசைப் புனிதராக்கியதைக் காட்டி மன்னரைப் போற்றுவதாலோ இவ்வினாவிலிருந்து தப்ப முடியாது. முடிக்குரிய காணி என்று 1972வரை வழங்கிய சொல் அதன்பின் அரச காணி என்று மாறியது. அரசன் போனான் என்று சொல்லும் குடியரசு, அச்சொல்லின் வேரில் அவனை விட்டு வைத்திருப்பதைத் தமிழ் மாணவரேனும் கவனித்தல் நன்று.

நாடற்றவர் என்ற இழுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு பெரும்பாலும் நீங்கியது. வாக்கு வந்தது, அடையாள அட்டை வந்தது. காணி வரவில்லை. மலையக வீடமைப்பைப் பற்றிப் பேசும்பொழுதெல்லாம் ஏழு பேர்ச்சஸ் என்ற அளவு வந்து நிற்கிறது. ஏழு பேர்ச்சஸ் காணி ஒரு வீட்டுக்குப் போதும். ஒரு குடியானவனுக்குப் போதாது. நுவரெலியாவிலேனும் வாக்குப் பலம் கொண்டு இதனைக் கேட்க இயலும். சப்ரகமுவத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடப்பவை. அங்குள்ளோரின் குரல் தொழிற்சங்கத் தலைமையகங்களையும் எளிதில் எட்டுவதில்லை. மலையகம் என்று பேசுவோர் அட்டனுக்கும் தலவாக்கலைக்கும் அப்பாற் பார்ப்பதும் குறைவு. யாழ்ப்பாணத்தாரைக் குறைகூறும் மலையகத் தலைமைகள், சப்ரகமுவ பற்றிய தமது மௌனத்தையும் அக்கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

2016 மே மாதத்துப் பெருமழையில் கேகாலை மாவட்டத்துப் புளத்கொஹுபிட்டியவில் களுபான தோட்டத்து லயன் வீடுகள்மேல் மலை சரிந்து பல உயிர்களைப் புதைத்தது. சரிவான இடத்திற் கட்டிய லயத்தில் ஏன் இருந்தார்கள் என்று கேட்டவர்கள் உண்டு. வேறெங்கே கட்டுவதற்கு அவர்களுக்குக் காணி இருந்தது என்று கேட்டவர்கள் சிலர். அரசுத் தோட்டங்களின் முகாமை 1992இல் தனியார் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டு, காணிகள் நீண்டகாலக் குத்தகைக்கு விடப்பட்டன. கம்பனிகளின் பங்குகளில் பத்து வீதம் ஊழியருக்கென ஒதுக்கப்பட்டது. காணியில் ஒரு வீதமும் இல்லை. அக்குத்தகை 53 ஆண்டுகளுக்கு, 2045 வரையில் செல்லும். குத்தகைப் பத்திரத்தில் ஒருபுறம் அரசின் கைச்சாத்து, மறுபுறம் கம்பனியின் கைச்சாத்து. கண்டி ஒப்பந்தத்தில் இருந்ததும் இரண்டே தரப்பு.